பாளையும் பாகும்: ஊறிய அப்பம் ஒன்றின் வரலாறு

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்த்து வருவோர் பெரும்பாலும் அங்குள்ள கல்லறைகளைப் பற்றியே பேசுவர். டச்சுக்காரர்கள் தம் மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் நட்டுவைத்த கற்பலகைகளில் கப்பல்களும் குலச்சின்னங்களும் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை அடுத்துப் பேசப்படுபவை, ஒரு காலத்தில் மஸ்லின் துணிப்பொதிகள் அடுக்கப்பட்டிருந்த கிடங்குகள். யார் யார் இங்கே மாண்டனர் என்பதைக் கல்லறைகள் கூறும். எதை வாங்கினர், எதை விற்றனர் என்பதைக் கிடங்குகள் கூறும். அவர்கள் எதை உண்டு இங்கே வாழ்ந்தனர் என்று கேட்டால், விடைக்குக் கோட்டைக்கு வெளியே நிற்கும் பனைமரங்களைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக ஆலம்பரை வரை நீளும் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கும் குறைவானது. அந்தச் சிறு நீளத்தில் ஐரோப்பியர் பலர் அடுத்தடுத்துக் கால் பதித்தனர். 1720களில் ஆஸ்டெண்டு கம்பெனியார் கோவளத்தில் பண்டகசாலை வைத்திருந்தனர். ஒல்லாந்தர் சதுரங்கப்பட்டினத்தில் நிலைகொண்டனர். 1750இல் முசாபர் ஜங் ஆலம்பரைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டையும் கோவளமும் பிரெஞ்சுக்காரர் வசமிருக்க, 1752இல் கிளைவ் அவ்விரண்டையும் கைப்பற்றினார். ஒருவரோடு ஒருவர் பொருதிய இவர்கள் அனைவருக்கும் பொதுவாய் இருந்த தேவை ஒன்று உண்டு. அது உப்பிய ரொட்டி.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ரொட்டியின் செல்வந்த உறவினர் ஒருவர். ஈஸ்ட் கொண்டு உப்பவைத்துச் சுட்டு, பின் மணமூட்டிய சர்க்கரைப் பாகில் ஊறவைக்கும் 'பாபா' என்னும் பிரெஞ்சுக் கேக். அதற்கும் செங்கல்பட்டுக் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். அந்தக் கேக்கை இரண்டு பொருள்கள் ஆக்குகின்றன. ஒன்று அதை உப்பவைப்பது. மற்றொன்று அதை ஊறவைப்பது. இவ்விரண்டின் தடத்தையும் பின்பற்றிச் சென்றால் நம் ஊர்க்காரர்களின் கைகளைத்தான் சந்திக்கிறோம். ஒருவர் பனையேறி, மற்றவர் கரும்பு வெட்டியவர். சமையல் நூல்களில் இவ்விருவரும் இல்லை.

அரசரின் உலர்ந்த கேக்

பாபாவின் பிறப்புக் கதை மிகவும் புகழ்பெற்றது. போலந்தின் அரியணையை இழந்த ஸ்தனிஸ்லாஸ் லெஷ்சின்ஸ்கி, 1737இல் லொரேன் நாட்டின் கோமகனாகி லூனெவில் அரண்மனையில் குடியேறினார். அவருக்குப் பரிமாறப்பட்ட கூகல்ஹுப்ஃப் என்னும் கேக் மிகவும் உலர்ந்திருந்ததாம். பல் போன கிழவருக்கு அதைக் கடிக்க முடியவில்லை. இனிப்பு மதுவில் தோய்த்து உண்டார், சுவைத்துப்போயிற்று என்பது கதை. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் அலிபாபாவின் பெயரை அவரே அதற்குச் சூட்டினார் என்று ஒரு கிளைக்கதையும் உண்டு.

கதை இனிப்பாக இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையில் வைத்துப் பார்த்தால் சற்றே தடுக்குகிறது. இதன் உண்மையான ஆசிரியராகக் கூறப்படும் சமையற்கலைஞர் நிக்கோலா ஸ்தோரர், ஸ்தனிஸ்லாசின் மகள் மரியா 1725இல் பதினைந்தாம் லூயியை மணந்தபோது அவரோடு வெர்சாய் சென்றுவிட்டார். 1730இல் பாரிஸின் மோந்தொர்கேய் தெருவில் தம் கடையைத் திறந்தார். அக்கடை இன்றும் நடக்கிறது. ஆக, லூனெவில் அரண்மனையின் அந்த விருந்துமேசையருகே ஸ்தோரர் நின்றிருக்க வழியில்லை. 'பாபா' என்பதும் போலந்து மொழியில் பாட்டியை, முதிய பெண்ணைக் குறிக்கும் சொல். அந்நாட்டில் ஈஸ்டர் பண்டிகைக்குச் சுடும் உயரமான கேக்குக்கு அதுவே பெயர். அலிபாபாவை அழைத்து வரத் தேவையே இல்லை. ஓர் உணவுக்கு அரசரைத் தகப்பனாக்குவது எல்லா நாட்டுப் பழக்கம்தான். பாட்டிகளின் கைப்பக்குவம் அரண்மனை வாசலைக் கடந்ததும் பாட்டிகள் மறைந்து அரசர் முன்னே வந்துவிடுகிறார்.

அதன் செய்முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. பின்னால் வரும் செய்திகளுக்கு அதுவே அடிப்படை. ஏறத்தாழ 250 கிராம் கோதுமை மாவுக்கு நான்கு முட்டை, 80 முதல் 100 கிராம் வெண்ணெய், சிறிது சர்க்கரை, உப்பு, ஈஸ்ட். மாவு சப்பாத்தி மாவைவிட மிகத் தளர்வாக, கையில் ஒட்டி இழுபடும் பதத்தில் இருக்கும். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுத் தானாக விலகி வரும்வரை அதை அடித்துப் பிசைய வேண்டும். ஒருமுறை உப்பவிட்டு, அச்சுகளில் பாதியளவு இட்டு, விளிம்பை எட்டும்வரை மறுமுறை உப்பவிட்டுச் சுடுவர். சுட்டதை உடனே பாகிலிடுவதில்லை. ஓரிரு நாள் உலரவிட்டு, அதன்பின் ஒரு பங்கு சர்க்கரைக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோலோடு காய்ச்சிய வெதுவெதுப்பான இளம்பாகில் மூழ்கவைப்பர். கேக் பாகைக் குடித்துக் கனத்துப்போகும். ரம் கடைசியில் தெளிக்கப்படும்.

இங்கே ஈஸ்ட்டுக்கு மாற்றாகச் சோடா மாவை இட்டால் வேலை கெட்டுவிடும். சோடாவால் உப்பிய கேக் பாகு பட்டதும் கூழாகிவிடும். நீண்ட நேரம் பிசைவதால் கோதுமையின் பசைப்புரதம் இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் மெல்ல விடும் காற்று அந்தப் பின்னலுக்குள் கண்ணறைகளை உண்டாக்குகிறது. அக்கண்ணறைகள்தாம் கடற்பஞ்சைப் போலப் பாகை உறிஞ்சியும் வடிவம் குலையாமல் நிற்கின்றன. உப்புவதும் ஊறுவதும் இரு வேறு செயல்களாகத் தோன்றினும், முதலாவது செம்மையாக நடந்தால்தான் இரண்டாவது நடக்கும்.

1840களில் பாரிஸில் ழூலியேன் சகோதரர்கள் இதே மாவை நடுவில் துளையுள்ள வளைய அச்சில் சுட்டு, சுவையிலக்கியம் எழுதிய பிரியா-சவரேனின் பெயரை அதற்கு இட்டனர். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வழியாக நேப்பிள்ஸ் நகரம் சென்ற பாபா, அங்கே தெருக்கடைப் பண்டமாகவே மாறிப்போனது.

செங்கல்பட்டில் பறந்த கொடி

ஸ்தனிஸ்லாஸ் லொரேனை ஆண்ட காலம் 1737 முதல் 1766 வரை. துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநராக இருந்த காலம் 1742 முதல் 1754 வரை. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதியது 1736 முதல் 1761 வரை. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செங்கல்பட்டிலும் ஆலம்பரையிலும் எந்த மன்னரின் பெயரால் பிரெஞ்சுக் கொடி பறந்ததோ, அந்தப் பதினைந்தாம் லூயியின் மாமனார்தான் நம் கேக் கதையின் கிழவர் என்பது விளங்கும்.

மருமகனின் போர் நம் வயல்களில் நடந்தது. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அமைதி பேசக் கூடிய இடம் சதுரங்கப்பட்டினம். ஒல்லாந்தர் அப்போரில் நடுநிலை வகித்ததே காரணம். பேச்சு முறிந்தது. 1760இல் ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து இடித்துத் தள்ளினர். கடலுக்குச் சரிந்து கிடக்கும் அதன் செங்கற்சுவர்களைக் கடப்பாக்கம் சென்றால் இன்றும் காணலாம்.

இந்தப் படைகளுக்கும் பண்டகசாலைகளுக்கும் வேண்டிய கோதுமை இம்மண்ணில் விளைவதன்று. வடக்கிலிருந்து கப்பலேறி வர வேண்டும். கப்பலில் அவர்கள் உண்டது இருமுறை சுட்ட உப்பாத ரொட்டி. கல்லைப் போன்ற அந்த பிஸ்கட்டை எதிலாவது தோய்க்காமல் கடிக்க முடியாது. லூனெவிலில் அரசர் உலர்ந்த கேக்கை மதுவில் தோய்த்தார் என்று கதை சொல்லுமுன்பே, உலகின் எல்லாக் கடல்களிலும் மாலுமிகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தனர். கரையில் இறங்கியதும் அவர்கள் முதலில் ஏங்கியது மென்மையான ரொட்டிக்கே. மென்மைக்கு ஈஸ்ட் வேண்டும்.

ஒரே பாளை, இரண்டு கலயம்

ஐரோப்பாவில் ஈஸ்ட் மதுக்கூடத்திலிருந்து வந்தது. பியர் காய்ச்சும் தொட்டியில் பொங்கும் நுரையை வழித்து ரொட்டி சுடுபவரிடம் கொடுப்பர். ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்பதை லூயி பாஸ்தர் 1857க்குப் பின்னர் ஆய்வுகளால் நிறுவும்வரை, அந்த நுரை ஏன் மாவை உயர்த்துகிறது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆயினும் வேலை நடந்தது.

இங்கே பியர் இல்லை, கள் இருந்தது. கோவாவில் போர்த்துக்கீசியர் தென்னங்கள் ஊற்றி ரொட்டி மாவைப் புளிக்கவைத்தனர். சென்னை முதல் தென்கோடி வரை, ஆங்கிலேயர் காலத்து ரொட்டிக்கடைகளில் கள்ளே ஈஸ்ட்டாகப் பயன்பட்டது. நெடுநாள் பழகிய இந்த உறவின் தடம் ஈழத்தமிழில் அழகாகப் பதிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தார் ரொட்டியைப் 'பாண்' என்பர். அதைச் சுடும் அடுப்பைப் 'போறணை' என்பர். இரண்டுமே போர்த்துக்கீசியம் தந்த சொற்கள். ரொட்டியின் பெயரும் அடுப்பின் பெயரும் கடல் கடந்து வந்தன. உப்பவைத்த பொருள் மட்டும் உள்ளூர் மரத்திலிருந்து இறங்கியது.

பனையேறும் தொழிலை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். பனையின் இளம்பாளையைக் கடிப்பால் நாள்தோறும் பக்குவமாய் நசுக்கி, நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டுவர். கோடைக்காலம் முழுதும் காலையும் மாலையும் மரமேற வேண்டும். சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாகச் சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது பதநீர். அதைக் காய்ச்சினால் பாகு, மேலும் இறுக்கினால் பனைவெல்லம். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழும் சாறோ காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்கள் பட்டு உடனே நொதிக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் அது கள். அந்த நுரையில் பெருகும் நுண்ணுயிர்களுள் முதன்மையானது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. கடைகளில் இன்று பொட்டலமாக விற்கும் ரொட்டி ஈஸ்ட்டும் அதே இனந்தான்.

இதை நினைக்க நினைக்க வியப்பு மிகுகிறது. ஊறிய கேக்குக்கு வேண்டியவை இரண்டு என்றோம்: உப்பவைப்பது, ஊறவைப்பது. பாரிஸில் முதலாவதற்குப் பியர்த் தொட்டியும், இரண்டாவதற்கு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள கரும்புத் தோட்டமும் தேவைப்பட்டன. செங்கல்பட்டுக் கடற்கரையில் ஒரே மரத்தின் ஒரே பாளை இரண்டையும் தந்தது. இடையே நின்றது ஒரு விரல் சுண்ணாம்பு.

தங்கிய இடமும் தங்காத இடமும்

பாபாவுக்கு ஆசியக் கரைகளில் ஓர் உடன்பிறப்பு உண்டு. இலங்கையின் டச்சுப் பறங்கியர் கிறிஸ்துமஸ் காலையில் உண்ணும் 'ப்ரூடர்' அது. முட்டையும் வெண்ணெயும் மிகுந்த ஈஸ்ட் மாவை, கூகல்ஹுப்ஃபுக்கு உரியது போன்ற வரிவரியான புனல் அச்சில் இட்டுச் சுடுவர். பாகில் ஊறவைப்பதில்லை, வெட்டி வெண்ணெய் தடவி, ஈடம் பாலாடைக்கட்டியும் வாழைப்பழமும் துணையாக உண்பர். கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் அது இன்றும் சுடப்படுகிறது. மலாக்காவின் யுரேசியக் குடும்பங்களிலும் அதே பெயரின் திரிபோடு ஒரு கேக் உண்டு. அதற்குத் தென்னங்கள்ளே பழைய வழக்கப்படி ஈஸ்ட்.

இவ்வூர்களை நிலப்படத்தில் குறித்துப் பாருங்கள். ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தது 1641, கொழும்பைப் பிடித்தது 1656, கொச்சியைப் பிடித்தது 1663. ஒரே கம்பெனியின் கப்பல்கள் இவற்றுக்கிடையே ஓடின. அதே வலையின் ஒரு முடிச்சுத்தான் சதுரங்கப்பட்டினம். மாவும் அச்சும் கள்ளும் அங்கும் ஒன்றே. அப்படியிருக்க, மற்ற ஊர்களில் ஒரு கேக் பண்டிகையாக நிலைத்திருக்க, சதுரங்கப்பட்டினத்தில் ஏன் கல்லறைகள் மட்டும் எஞ்சின?

எங்கள் விடை இதுதான். உணவைக் காப்பது கோட்டை அன்று, குடும்பம். கொழும்பிலும் கொச்சியிலும் மலாக்காவிலும் டச்சுக்காரர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பங்களாயினர். ஆட்சி ஆங்கிலேயரிடம் போன பின்னும் அக்குடும்பங்கள் அங்கேயே இருந்தன. கொழும்பில் 1908இல் டச்சுப் பறங்கியர் சங்கமே அமைந்தது. பாட்டி அச்சை மகளுக்குக் கொடுத்தாள்; மகள் பேத்திக்குக் கொடுத்தாள். சதுரங்கப்பட்டினமோ 1781இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பலமுறை கைமாறி, 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1825இல் முடிவாக அவர்களிடம் சென்றது. அங்கே அச்சைக் கைமாற்றித் தரும் அளவுக்கு ஒரு சமூகம் தங்கவில்லை. வணிகர் போனதும் அடுப்பு அணைந்தது. வரலாற்றில் ஒரு கேக் நிலைப்பதற்கு மாவு, சர்க்கரை, ஈஸ்ட் ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்று வேண்டியிருக்கிறது: ஊரைவிட்டுப் போகாத ஒரு வீடு.

வீடு தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மேலைக் கடற்கரையிலிருந்து இன்னொரு சான்று. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1880இல் ரொட்டிக்கடை தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்டத்துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி அதைப் போலச் செய்யச் சொன்னார் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி துரை கூறினாராம். பாபு அதற்குப் பதிலாக முந்திரிப்பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் கொண்டு காய்ச்சிய உள்ளூர் மதுவைச் சேர்த்தாராம். அவருடைய ரொட்டிக்குக் கள்ளே ஈஸ்ட் என்றும் சொல்வர். கேட்டது அயலவர் கேக். கொடுத்தது நம் மரத்தின் சுவை. அந்தக் குடும்பத்தின் கிளைகள் இன்றும் கேரளத்தில் அதே தொழிலில் இருக்கின்றன.

ரம்மின் மறுகரை

இனி ஊறவைக்கும் பொருளுக்கு வருவோம். தொடக்கத்தில் பாபாவில் ஊற்றியது இனிப்பு மது. ஸ்தோரர் கடையின் வழித்தோன்றல் ஒருவர் 1835 வாக்கில் ரம்மைச் சேர்த்தார் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'பாபா' என்றாலே ரம் என்றாயிற்று. பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை ஃபைலோக்செரா என்னும் பூச்சி அழித்ததும், மதுவுக்கும் பிராந்திக்கும் தட்டுப்பாடு உண்டாகி ரம்மின் விற்பனை உயர்ந்ததும் அக்காலத்திலேயே. அந்த ரம்மைக் காய்ச்சி அனுப்பிய ஊர்களில் தலையாயது மார்த்தினிக் தீவின் சேன்-பியேர். 1902இல் எரிமலை அதை விழுங்கும்வரை உலகின் ரம் தலைநகர் என்று பெயர் பெற்றிருந்தது.

கரும்பை யார் வெட்டினார்கள்? 1848 வரை அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அவ்வாண்டு பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். புதுச்சேரியும் காரைக்காலும் கப்பலேற்றும் துறைகளாயின. 1853 மே மாதத்தில் 'ஓரேலி' என்னும் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவையும் அடைந்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர் ஆண்ட மாவட்டங்களிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தது. 1880களில் இந்தப் போக்குவரத்து நிற்பதற்குள் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் சென்றிருந்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனவர்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. மாரியம்மனும் மதுரைவீரனும் அத்தீவுகளில் இன்றும் வழிபடப்படுவது அவர்கள் விட்டுச்சென்ற எச்சம். மொழி பெரிதும் மறைந்து, தெய்வங்கள் தங்கின.

பாரிஸின் வெள்ளித் தட்டில் ரம் சொட்டச் சொட்டப் பரிமாறப்பட்ட பாபாவின் இனிப்பில் இந்த வியர்வையும் கரைந்திருக்கிறது. அரசர் கிண்ணத்தில் தோய்த்த கதையை எல்லாச் சமையல் நூல்களும் சொல்கின்றன. 'ஓரேலி'யின் கதை அந்நூல்களில் இடம்பெறுவதில்லை.

நம் பாகு

ஊறவைத்து உண்ணும் சுவை நமக்கு அயலதன்று. ஜிலேபியை எண்ணிப் பாருங்கள். மைதா மாவைப் புளிக்கவைத்து, எண்ணெயில் பிழிந்து, பாகில் போடுகிறோம். அதன் குழல்களுக்குள் பாகு ஏறி நிற்கிறது. உளுந்தை அரைத்துச் செய்யும் ஜாங்கிரி வேறு, புளித்த மாவின் ஜிலேபி வேறு. 10ஆம் நூற்றாண்டு பாக்தாத்தின் சமையல் நூலில் 'சுலாபியா' என்று காணப்படும் இப்பண்டம், 1450 அளவில் எழுதப்பட்ட ஒரு சமண நூலில் விருந்துப் பண்டமாக இடம்பெறுகிறது. அடுப்பு வேறு, எண்ணெய் வேறு; ஆனால் பாபாவும் ஜிலேபியும் ஒரே அறிவின் இரு கிளைகள். முதலில் புளிக்கவிடு, கண்ணறை உண்டாகட்டும், அதன்பின் பாகை ஊட்டு என்பதே அந்த அறிவு.

கள் சேர்த்த ஆப்பமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கேரளத்தின் கள்ளப்பத்திலும் இலங்கையின் ஆப்பத்திலும் கள் ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நடுவில் பஞ்சு போல உப்பிய ஆப்பத்தின் மேல் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி ஊறவிட்டு உண்பவருக்குப் பாபாவின் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறங்காத கள்

தமிழ்நாட்டில் அந்த வழக்கம் அறுபட்டதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1937இல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, பின் மூடியும் திறந்தும் வந்த கள்ளுக்கடைகள் 1987 ஜனவரி முதல் நாளோடு மூடப்பட்டன. கள் இறக்குவதற்கான தடை இன்றும் நீடிக்கிறது. குடியால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீரை அறிந்தவர்கள் யாரும் மதுவிலக்கின் நோக்கத்தை எள்ள மாட்டார்கள். ஆனால் நடந்தது என்ன? 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த ரம் அக்கடைகளில் கிடைக்கும்.

ஆக, இன்று செங்கல்பட்டில் ஒருவர் பாபா செய்ய விரும்பினால் நிலைமை விந்தையானது. அதை ஊறவைக்கும் ரம்மை அரசுக் கடையில் ரசீதோடு வாங்கலாம். அதை உப்பவைக்கும் கள்ளைத் தம் சொந்தப் பனையிலிருந்து ஒரு குவளை இறக்கினாலும் குற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தால் அதே கள் உரிமம் பெற்ற கடையில் விற்கிறது. பனைக்கு எல்லை தெரியாது.

இழப்பு குடிப்பவருக்கு என்று சிலர் எண்ணக்கூடும். உண்மையில் இழந்தவர் பனையேறி. சுண்ணாம்புக் கலயம், சுண்ணாம்பில்லாக் கலயம் என்று இரு வழிகளில் வந்த வருவாயில் ஒன்று அடைபட்டது. பதநீரைக் காய்ச்ச விறகும் ஆளும் நேரமும் வேண்டும். பனைவெல்லமோ ஆலைச் சர்க்கரையோடு விலையில் போட்டியிட வேண்டும். கீழே விழுந்தால் உயிரோ முதுகெலும்போ போகும் தொழிலைப் பிள்ளைகள் தொடர விரும்பாததில் வியப்பில்லை. ஏற ஆளில்லாத பனை செங்கற்சூளைக்கு விறகாயிற்று. 2021இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் மரத்தைக் காக்க ஆணை போதும். மரமேறும் கையைக் காக்க வருவாய் வேண்டும்.

மதுவாகக் குடிப்பதற்கு ஒரு சட்டமும், ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் புளிப்பாகச் சேர்ப்பதற்கு வேறொரு சட்டமும் இருக்கலாகாதா என்பது நாம் முன்வைக்க விரும்பும் கேள்வி. சமையலுக்கான கள்ளைச் சிறு அளவில், உரிமத்தோடு இறக்க இடம் தந்தால், ஒரு தொழிலும் அதனோடு ஒரு சுவையும் பிழைக்கக்கூடும்.

சதுரங்கப்பட்டினத்தின் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. அங்கே துயில்பவர்களின் பெயரும் பிறந்த ஊரும் கல்லில் இருக்கின்றன. அவர்களின் ரொட்டிக்குக் கள் இறக்கித் தந்தவரின் பெயரை எந்தக் கல்லும் சொல்லாது. 'ஓரேலி'யில் ஏறியவரின் பெயரையோ உச்சரிக்கத் தெரியாத எழுத்தர்கள் பிரெஞ்சில் சிதைத்து எழுதிவைத்தனர். செய்யூர், கடப்பாக்கம், கல்பாக்கம் பக்கத்து ஊர்களில் எண்பது வயதைக் கடந்த பனையேறிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாளை எப்போது சீவப்பட்டது, எந்தக் கள் எந்த ரொட்டிக்கடைக்குப் போனது என்பது அவர்களின் நினைவில் இருக்கிறது. அரசர் தோய்த்த கேக்கின் கதையை உலகம் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்டுவிட்டது. இவர்களின் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு எஞ்சியிருப்பவை சில ஆண்டுகளே.